இடதுபக்க விளக்குமூடி

அந்த மஞ்சள் வண்டிக்கு ஹெட்லைட் வெளியில் தெரியாது. பகலில் பார்த்தால் முன்பக்கம் வழவழவென்று, கண்ணே இல்லாத ஜந்து மாதிரி கிடக்கும். சுவிட்சைத் தட்டினால் மூக்கின் இரண்டு பக்கமும் இரண்டு மூடிகள் எழும்பும். அடியிலிருந்து விளக்கு எட்டிப்பார்க்கும். மறுபடி தட்டினால் இரண்டும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடும். ஒரு காலத்தில் இப்படிப்பட்ட வண்டிகளின் படத்தை இளவட்டங்கள் அறைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு தூங்கினார்கள். இப்போது எந்தக் கம்பெனியும் அப்படிச் செய்வதில்லை. மூடி என்று ஒன்று வைத்தால் அது ஒழுங்காக மூடவும் வேண்டுமே, அந்தத் தலைவலி யாருக்கு வேண்டும்?

மூடுவதில்தான் சங்கதியே இருக்கிறது. மூடி உள்ளே போய் உட்கார்ந்ததும் சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி தெரிய வேண்டும். பானட்டோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். விரலால் தடவினால் எங்கேயும் தட்டக்கூடாது. ஒரு மூலை கொஞ்சம் தூக்கினாலும் போச்சு, போகிற வருகிறவர்களைப் பார்த்து வண்டி கண்ணடிக்கிற மாதிரி ஆகிவிடும்.

இந்த வேலைக்கு அரைநூலை விட்டால் ஆள் இல்லை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வைத்தது இது. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு ஒரு நூல் என்று பெயர். கதவோ பானட்டோ அரை நூல் விலகியிருந்தாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. அதைக் கிண்டல் பண்ணித்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரோ அதைப் பட்டம் கொடுத்ததுபோல வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார். போன் எடுத்தால் "அரைநூல் பேசறேன்" என்பார். கர்வம் ஏறிவிட்டால் கிண்டல்கூடக் கழுத்தில் மாலையாகத்தான் விழும்.

பட்டறையின் முன்பாதி அவருடையது. நசுங்கிய தகரத்தை நிமிர்த்துவது, துருப்பிடித்த இடத்தை வெட்டி ஒட்டுப்போடுவது, கதவு மாட்டுவது எல்லாம் அங்கே. பின்பாதியில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் பெயிண்ட் அறை. அது அவருடைய அக்கா புருஷனின் ராஜ்ஜியம். மாமா அதிகம் பேசமாட்டார். பெயிண்ட் அடிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்கிற பழக்கம், அதையே வீட்டிலும் கடைப்பிடிக்கிறார் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். தகரம் மச்சினனிடம், வர்ணம் மாமாவிடம் என்று பல வருஷமாக இரண்டு பேரும் ஒரே கூரைக்கடியில் ஒட்டிக்கொண்டு ஓட்டினார்கள். பெரிய சண்டை என்று ஒன்றுகூட வந்ததில்லை.

மஞ்சள் வண்டி ஒரு வக்கீலம்மாவுடையது. கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சியை வேர்த்து விறுவிறுக்க வைக்கிறவர் என்று கேள்வி. படிக்கிற காலத்தில் யாரோ ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்து மனதில் வைத்திருந்த வண்டியை, முடி நரைத்த பிறகு வாங்கியிருந்தார். மேற்கூரை இல்லாத சின்ன வண்டி. அடித்தளத்தின் இடதுபக்கம் துரு தின்று ஓட்டை விழுந்திருந்தது. அரைநூல் அதை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து ஒட்டினார். அப்புறம் மாமா முழு வண்டியையும் உரித்து மஞ்சள் அடித்தார். எலுமிச்சம்பழத்துக்குக் கொஞ்சம் மேலே, முட்டைக்கருவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு மஞ்சள். பக்கத்துப் பட்டறை ஆட்கள் டீ கிளாஸும் கையுமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மிச்சம் இருந்தது விளக்குமூடிகள்தான். அங்கேதான் அரைநூல் ஒரு காரியம் செய்தார்.

"மாட்டும்போது வண்டி தன் கால்ல நிக்கணும்" என்பது அவர் வேலைக்கு வந்த ஒவ்வொருத்தனிடமும் கத்திய பாடம். சக்கரம் தரையில் பட்டு, வண்டி தன் பாரத்தைத் தானே சுமக்கும்போதுதான் அதன் நிஜமான வடிவம் தெரியும். அப்போது பார்த்துத்தான் இடைவெளி வைக்க வேண்டும். ஆனால் இந்த வண்டியின் மூக்கு முழங்கால் உயரத்துக்குத்தான் வரும். தரையில் வைத்து வேலை செய்தால் மண்டிபோட வேண்டும், எழுந்து தள்ளி நின்று பார்க்க வேண்டும், மறுபடி மண்டிபோட வேண்டும். அவருக்கோ சில மாதமாக முதுகில் ஒரு பிடிப்பு. குனிந்தால் நிமிர வராது. டாக்டரிடம் போகவில்லை, பெண்டாட்டியிடம் சொல்லவில்லை, காலையில் சாக்ஸ் போடுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இந்த லட்சணத்தில் வயசாகிவிட்டது என்று மட்டும் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றி நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினார். மூடிதானே, கதவா என்ன, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வேலையை ஒன்றும் குறை சொல்ல முடியாது. பெயிண்டில் கீறல் விழாமல் ஓரமெல்லாம் காகித டேப் ஒட்டினார். மூடியைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளை இளக்கி, முன்னே பின்னே நகர்த்தி, உயரம் போதாத இடத்தில் வாஷர் கொடுத்தார். மோட்டாரிலிருந்து வருகிற கம்பியைத் திருகித் திருகி, மூடி எவ்வளவு ஆழம் உட்கார வேண்டுமோ அவ்வளவுக்குக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் அட்டையில் வெட்டிய துண்டு ஒன்றை இடைவெளியில் விட்டு நான்கு பக்கமும் ஓட்டினார். எல்லா இடத்திலும் ஒரே இறுக்கத்தில் வழுக்கிக்கொண்டு போனது. டேப்பை உரித்தார். வண்டியை இறக்கி, வக்கீலம்மாவுக்குப் போன் போட்டார்.

வக்கீலம்மா வந்து, சுற்றிப் பார்த்து, வாயெல்லாம் பல்லாக ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து சுவிட்சைத் தட்டினார். மூடிகள் இரண்டும் எழும்பின. மறுபடி தட்டினார். வலது மூடி பூனை மாதிரி இறங்கியது. இடது மூடி கடைசியில் 'கிரிக்' என்று ஒரு சத்தம் போட்டது. பானட் ஓரத்திலிருந்து மஞ்சள் சில்லு ஒன்று தெறித்துத் தரையில் விழுந்தது. நகத்துணுக்கு அளவுதான் இருக்கும். அது தெறித்த இடத்தில் தகரம் பல்லைக் காட்டியது.

"என்ன இது?" என்றார் வக்கீலம்மா. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "யார் பண்ண தப்பு?"

அந்தக் கேள்விக்கு அரை நிமிஷம் மூச்சு வாங்கிக்கொண்டு, "பார்த்துச் சொல்றேன் மேடம்" என்று சொல்லியிருக்கலாம். எந்த மடையனுக்கும் அது தோன்றியிருக்கும். அரைநூலுக்குத் தன் பெயர்தான் முதலில் கண்ணில் நின்றது. விரலை அந்த ஓரத்தில் ஒரு தடவு தடவினார். பின்னால் மாமா நின்றுகொண்டிருந்தார்.

"பெயிண்ட் கனம் மேடம். ஓரத்துல தடிப்பா விழுந்திருக்கு. என் அளவெல்லாம் கரெக்டாதான் இருக்கு." அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. "மாமாவுக்கும் வயசாச்சில்ல, கை நடுங்குது. நான்தான் பார்த்து வாங்கியிருக்கணும்."

மாமா தன் வலது கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து சில்லைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஒரு வாரம் குடுங்கம்மா, மறுபடி அடிச்சுத் தர்றேன்" என்றார்.

அந்த வாரத்துக்குள் சேதி தெரு முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில், "பெயிண்டருக்குக் கை நடுங்குதாமே?" என்று அரைநூலிடமே கேட்டார்கள். அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. கிளாஸைக் காலி பண்ணிவிட்டு வந்துவிட்டார். ஒரு கதவும் இரண்டு மட்கார்டும் வர்ணத்துக்கு வருவதாக இருந்தன, அவை வரவில்லை. மாமா கண்ணாடித் தடுப்புக்குள் பானட் ஓரத்தையும் மூடியையும் தேய்த்து உரித்து, சிகரெட் தாள் கனத்துக்கு மெல்லிசாக மறுபடி அடித்தார். வழக்கமாக ஒரே இழுப்பில் அடிக்கிறவர், நடுவில் நிறுத்தி நிறுத்திக் கையைப் பார்த்துக்கொண்டார். அரைநூல் தடுப்புக்கு இந்தப்பக்கமிருந்து அதைப் பார்த்தார். உள்ளே என்னவோ உறுத்தியது. 'நல்லா வந்தா சரி' என்று அதைத் தள்ளிவிட்டார்.

பெயிண்ட் காய்ந்ததும் மூடியை மாட்ட வேண்டும். மறுபடி லிஃப்ட், மறுபடி நெஞ்சு உயரம். அட்டைத் துண்டு வழுக்கிக்கொண்டு போனது. இந்தத் தடவை கொஞ்சம் முன்ஜாக்கிரதையாக டேப்பை உரிக்காமலே வண்டியை இறக்கினார். மதியச் சாப்பாட்டு நேரம். மாமா வீட்டுக்குப் போயிருந்தார். பட்டறையில் வேறு யாரும் இல்லை. சுவிட்சைத் தட்டினார்.

கிரிக்.

டேப் கிழிந்திருந்தது. அதே மூலை, அதே இடம். பெயிண்டைச் சொல்ல வழியில்லை; இதைவிட மெல்லிசாக அடித்தால் தகரம்தான் தெரியும். அட்டைத் துண்டை எடுத்து அந்த ஓரத்தில் விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. பத்து நிமிஷம் முன்னால் வெண்ணெயில் போவதுபோல் போன துண்டு இப்போது நுனிகூட நுழையவில்லை. வண்டியைத் தூக்கினார். நுழைந்தது. இறக்கினார். நுழையவில்லை. தூக்கினார், நுழைந்தது. லிஃப்டின் பட்டனில் விரலை வைத்தபடியே நின்றுவிட்டார்.

கூரை இல்லாத வண்டி. லிஃப்ட் அதை நடுவயிற்றில் பிடித்துத் தூக்குகிறது. தூக்கினால் மூக்கும் வாலும் தொங்கும். மூக்கு தொங்கினால் மூடிக்கும் பானட்டுக்கும் நடுவே இடம் விரியும். சக்கரம் தரையில் பட்டதும் அது சுருங்கிவிடும். இடதுபக்கம் அவரே வெட்டி ஒட்டிய இடம், அந்தப்பக்கம் இன்னும் கொஞ்சம் அதிகமாக வளைகிறது. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். அவர் ஆயிரம் தடவை கத்திய பாடம்தான். கத்தியவனுக்கு மட்டும் அது பொருந்தாது என்று நினைத்துக்கொண்டாரே, அதற்குத்தான் என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

முகம் குப்பென்று சூடானது. யாரும் பார்க்கவில்லைதான். இருந்தும் நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்து நின்றதுபோல் இருந்தது. நடுங்கியது மாமாவின் கை இல்லை, வளையாதது தன் முதுகு. தன் கிழத்தனத்தை மறைக்கப் போய், அதைத் தூக்கி மாமாவின் தலையில் வைத்துவிட்டார்.

வண்டியைத் தரையில் விட்டு மண்டிபோட்டார். முதுகு உயிரை எடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டுகளை இளக்கினார், மூடியை நகர்த்தினார், இறுக்கினார். சுவிட்சைத் தட்ட எழுந்திருக்கும்போதெல்லாம் பம்பரைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியிருந்தது. கடைசியில் இடது மூடியும் சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தது. டேப்பை உரித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தபோது மாமா உள்ளே வந்தார்.

"என்ன மாப்ள, கீழ உட்கார்ந்திருக்க?"

"சும்மாதான் மாமா."

மாமா வண்டிக்குள் கையை விட்டுச் சுவிட்சைத் தட்டினார். மேலே. கீழே. மறுபடி மேலே, மறுபடி கீழே. காதைச் சாய்த்துக் கேட்டார். ஓரத்தில் விரலை ஓட்டினார். அவருடைய முகத்தில் நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு.

"அப்ப என் கைதான்" என்றார். "எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு மாப்ள. நீ அன்னைக்கு அவங்க முன்னாடி அப்படிச் சொன்னப்ப, சும்மா சொல்றியோன்னு உள்ளுக்குள்ள கோவமாக்கூட இருந்துச்சு. இப்பப் பாரு, மெல்லிசா அடிச்சதும் கரெக்டா உட்காருது. உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். மனசுல வச்சுக்காத."

இதுதான் தருணம். அட்டைத் துண்டு கையிலேயே இருக்கிறது, லிஃப்ட் பக்கத்திலேயே இருக்கிறது. வாயைத் திறந்தால் போதும். அரைநூல் திறக்கவும் செய்தார். உள்ளேயிருந்து வந்தது இதுதான்:

"பரவால்ல மாமா, விடுங்க."

கேட்டுக்கொள்ளுங்கள், மன்னித்துவிட்டாராம்! தப்பே செய்யாதவரை, தப்பைச் செய்தவரே. அந்த மூணு வார்த்தையைச் சொல்லி முடித்ததும் தன் நாக்கைத் தானே பிடுங்கிப் போடலாம் போலிருந்தது அவருக்கு. ஆனால் சொன்னது சொன்னதுதான். மாமா தலையை ஆட்டிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் கன்னைக் கழுவுகிற சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட ரொம்ப நேரம் கழுவினார்.

மறுநாள் காலை அக்கா போன் பண்ணினாள். "உங்க மாமா இனிமே கன்னைத் தொடமாட்டேங்கறாருடா. பெயிண்ட் விக்கிற கடையில கலர் கலந்து குடுக்க ஆள் கேட்டாங்களாம், அங்க போறேங்கறாரு. இந்த ஒரு வாரமா தினமும் காலையில காபி டம்ளரைத் தளும்பத் தளும்ப ஊத்தச் சொல்றாரு. கையில வச்சுக்கிட்டு அதையே உத்துப் பார்க்கறாரு, ஆடுதான்னு. நேத்து ஆடுச்சுடா. சட்டையில கொட்டிடுச்சு. துடைக்கக்கூட விடல."

இல்லாத நடுக்கத்தைத் தேடித் தேடி ஒரு மனுஷன் வரவழைத்துக்கொண்டிருக்கிறான். அதைக் கேட்ட பிறகும் சும்மா இருக்கிறவன் மனுஷ ஜென்மமே இல்லை. அரைநூல் நேரே அக்கா வீட்டுக்குப் போனார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார், இல்லாவிட்டால் உள்ளே போவதற்குள் தைரியம் போய்விடும் என்ற பயம்.

"மாமா, தப்பு என்னுது. வண்டியைத் தூக்கி வச்சு மூடி மாட்டிட்டேன். கீழ எறக்கினதும் இடிச்சுச்சு. உங்க பெயிண்டுல ஒண்ணுமே இல்ல."

மாமா நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை, அன்புதான் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

"தூக்கி வச்சு நீ மாட்டுவியா? ஊருக்கே பாடம் எடுக்கறவன். எனக்காகப் பொய் சொல்லாத மாப்ள."

"பொய் இல்ல மாமா, நிஜமாவே..."

"உன் அக்கா சொல்லி அனுப்பினாளா?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவனுக்கு மனசு கேக்கலை. பழியைத் தன் மேல போட்டுக்கறான் பாருங்க. எந்தத் தம்பிடா இப்படிச் செய்வான்?" என்று தம்பியின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அதற்கு இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை. அவர் முதுகுவலியைச் சொன்னார், லிஃப்டைச் சொன்னார், அட்டைத் துண்டைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர்கள் கண்ணில் அவர் இன்னும் நல்லவராகிக்கொண்டே போனார். உண்மையைச் சொல்லியே ஒரு மனுஷன் பொய்யனாக முடியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். காபி நன்றாகத்தான் இருந்தது, அதுவும் அவமானமாக இருந்தது.

வக்கீலம்மா வண்டியை எடுக்க வந்த அன்று, கணக்கு வழக்கை முடித்துக்கொண்டு கிளம்புவதற்காக மாமாவும் வந்திருந்தார். பெயிண்ட் கன் பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டி வாசலில் இருந்தது.

வக்கீலம்மா சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. "அழகா வந்திருக்கு" என்று பையைத் தோளில் மாட்டினார்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றார் அரைநூல். "அன்னைக்கு யார் தப்புன்னு கேட்டீங்க. நான் இவரைச் சொன்னேன். இவர் இல்ல, நான். இவரே நம்ப மாட்டேங்கறாரு. நம்ப வைக்க எனக்கு ஒரே வழிதான் இருக்கு. உங்க வண்டியில அந்த ஓரம் இன்னொரு தடவை போகும். நானே பொறுப்பு, முழுசாச் சரி பண்ணித் தர்றேன். நீங்க சரின்னாதான் கை வைப்பேன்."

"என் வண்டியை வச்சா உங்க பஞ்சாயத்து?" வக்கீலம்மாவுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "எனக்கு வண்டி போதும். உங்க குடும்பக் கதை எனக்கு எதுக்கு?"

"வேணாம் மாப்ள" என்றார் மாமா. "நல்லா இருக்கிறதைக் கெடுக்காத."

"இவருக்குக் கை நடுங்கல மேடம். நான் சொன்ன ஒரு வார்த்தையால இன்னைக்கு வேலையை விட்டுட்டுப் போறாரு."

வக்கீலம்மா வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். தோள் பையை இறக்கி வைத்தார். "செய்ங்க" என்றார்.

அரைநூல் வண்டியைத் தூக்கினார். இந்தத் தடவை டேப் ஒட்டவில்லை. போல்ட்டுகளை இளக்கி, மாமாவின் கையில் அட்டைத் துண்டைக் கொடுத்து, "நீங்களே ஓட்டிப் பாருங்க மாமா, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கான்னு" என்றார். மாமா ஓட்டிப் பார்த்தார். அரைநூல் நகர்த்தினார், மாமா மறுபடி ஓட்டிப் பார்த்தார். எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கம் வந்ததும் மாமா தலையசைத்தார். போல்ட்டுகள் இறுகின. வண்டி இறங்கித் தன் காலில் நின்றது.

"தட்டுங்க மாமா."

மாமாவின் விரல் சுவிட்சின் மேல் கொஞ்ச நேரம் தயங்கியது. தட்டினார். மூடிகள் எழும்பின. மறுபடி தட்டினார்.

கிரிக்.

எல்லோர் கண் முன்னாலும் மஞ்சள் சில்லு தெறித்தது. தன் கையால் ஒரு நல்ல ஓரத்தை வேண்டுமென்றே கெடுப்பது அரைநூலின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இருந்தும் ஒரு பாரம் இறங்கிவிட்டதுபோல் இருந்தது. அவ்வளவுதான், முடிந்தது, இனிமேல் சரியாகிவிடும் என்றுகூட நினைத்துவிட்டார்.

மாமா சில்லைப் பொறுக்கி, கனம் தெரியும்படி குறுக்குவாட்டில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அட்டைத் துண்டை அந்த ஓரத்தில் வைத்து அழுத்தினார், நுழையவில்லை. இன்னும் குனிந்து மறுபடி அழுத்திப் பார்த்தார்.

முதலில் பேசியது வக்கீலம்மாதான். "ஐயா, இவர் சொன்னதை நம்பி நானும் நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன். தப்பு. மன்னிச்சிருங்க" என்றார் மாமாவிடம். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். அரைநூலுக்கு இத்தனை நாள் வாயில் வராத வார்த்தை அது. இப்போது நினைத்துப் பார்த்தால், தப்பு என்னுடையது என்று சொன்னாரே தவிர மன்னியுங்கள் என்று இன்னும் சொல்லவே இல்லை.

"மாமா..." என்று ஆரம்பித்தார்.

மாமா நிமிர்ந்தார். "அன்னைக்குக் கை நடுங்குதுன்னு சொன்னியே. நடுங்கினதை நீ பார்த்தியா?"

வண்டி, லிஃப்ட், இடைவெளி, இதைப் பற்றியெல்லாம் கேட்டிருந்தால் பதில் இருந்தது.

"பார்க்கல மாமா."

"ஒரு தடவைகூட?"

"இல்ல."

"பார்க்காமலே சொல்லியிருக்க." மாமா குரலை உயர்த்தவில்லை. "வண்டியைத் தூக்கி வச்சு மாட்டினது தப்பு. அது யாருக்கும் வரும். இது என்னது?"

அரைநூல் தலையைக் குனிந்துகொண்டார்.

மாமா வாசலுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கன்னை வெளியே எடுத்தார். வலது கையை நீட்டிப் பிடித்தார். எல்லோரும் பார்த்தார்கள், கல்லில் செதுக்கிய மாதிரி நின்றது. "நாளைக்கு வாங்கம்மா" என்று வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனார். அன்று சாயங்காலம் அந்த ஓரத்தை நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் அடித்து முடித்தார்.

அரைநூல் வீட்டுக்குப் போனதும் அக்காவிடமிருந்து போன் வந்தது. "அன்னைக்கு நீ சொன்னது நிஜமாடா?" என்று கேட்டாள். "ஆமாக்கா" என்றார். அக்கா போனை வைத்துவிட்டாள்.

காலையில் அரைநூல் பட்டறைக்கு வந்தபோது மாமா முன்னாலேயே வந்து, வண்டியைத் தடுப்புக்கு வெளியே தள்ளி நிறுத்தியிருந்தார். லிஃப்டில் இல்லை, தரையில். மஞ்சள் பளபளவென்று காய்ந்திருந்தது. மாமா தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கலர் கடைக்குப் போகவில்லையாம். தெருக்கோடிப் பட்டறையில் ஒரு பெயிண்ட் அறை காலியாக இருக்கிறதாம், அங்கே அடிக்கப்போகிறாராம். சொல்லிவிட்டு எழுந்தார்.

"மன்னிச்சிருங்க மாமா" என்றார் அரைநூல். ஒருவழியாக வந்துவிட்டது.

மாமா கேட்டுக்கொண்டார். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து மச்சினனை வா, போ என்று கூப்பிட்ட வாய் மாமாவுடையது. சந்தோஷத்திலும் திட்டும்போதும் மாப்ள என்றுதான் வரும்.

"பெயிண்ட் காய்ஞ்சிருச்சு. நீங்க மூடியை மாட்டிருங்க" என்றார் மாமா. "அம்மா பத்து மணிக்கு வர்றேன்னாங்க. அவங்களைக் காக்க வைக்காதீங்க."

நீங்க. மரியாதை கொடுத்தே ஒரு ஆளை இவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியும் என்று அரைநூல் நினைத்ததில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமா வெளியே போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டிக்கு முன்னால் மண்டிபோட்டு, டேப்பைக் கிழித்து ஓரத்தில் ஒட்ட ஆரம்பித்தார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.